ரப்பர் தரையா? கவலையை விடுங்கள்!

1. கடைக்குப் போகும் முன் எதையும் அளக்காதீர்கள். "ஒரு ஹால் சார், பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும்" போதும். முதலில் கலர் கேளுங்கள், அப்புறம் சதுர அடி ரேட். "எதுக்குப் போடப்போறீங்க?" என்று கடைக்காரர் கேட்டால் உஷாராகுங்கள், விலையை ஏற்றப் பார்க்கிறார்.

2. கனம். பணம் மிச்சமாவது இங்கேதான். ட்ரெட்மில், சைக்கிள் வைக்கிற இடத்துக்கு 8 எம்.எம். போதும், 100 கிலோ பாரைத் தொப்பென்று போடுகிற இடத்துக்கு 25 எம்.எம்.மாவது வேண்டும் என்பார்கள். இரண்டுக்கும் பொதுவாக 6 எம்.எம். வாங்கிவிடுங்கள். மாடி ஜிம் என்றால் இன்னும் விசேஷம். ஃபேன் ஆடுகிறது என்று கீழ்வீட்டு அண்ணாச்சி ஏறி வருவார்; அவருக்கு ஒரு மாதம் இலவச மெம்பர்ஷிப் கொடுங்கள்.

அதைவிட மலிவு, பிள்ளைகள் விளையாடக் கோத்துப் போடுகிற கலர் ஃபோம் மேட். அது இ.வி.ஏ., ரப்பரே இல்லை. இருக்கட்டுமே! டம்பெல் ஸ்டாண்டின் நாலு காலும் குழியாகப் பதிந்துவிடும். பெருக்கிவிட்டுத் திரும்ப வைக்கும்போது இடம் தேட வேண்டாம்.

3. பழைய டயரை அரைத்துப் பசை போட்டு அழுத்திய மேட் வாங்கினால், பிரித்த அன்றே ஜன்னலையெல்லாம் சாத்தி ஏசி போடுங்கள். பஞ்சர் கடைக்குள் குடிபோன சுகம் வீட்டிலேயே கிடைக்கும்.

4. கான்கிரீட் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட வேண்டும். அடியில் வியர்த்திருந்தால் ஈரம் இருக்கிறது. நமக்கெதற்கு? திறப்பு விழாப் பத்திரிகை அடித்தாயிற்று. ஒட்டுங்கள். சுவரோரம் நூலளவு இடைவெளிகூட விடாதீர்கள். ஐப்பசியில் முனைகள் தூக்கும், சித்திரையில் நடுப்பக்கம் மேடு தட்டும். பசை ஒட்டிய ஆளின் போன் இரண்டு மாதத்திலும் ஸ்விட்ச் ஆஃப்.

5. மிஞ்சிய துண்டுகளை மச்சானின் ஹோட்டலுக்குக் கொடுங்கள். எண்ணெய் சிந்துகிற இடத்துக்கு நைட்ரைல் ரப்பர் என்று தனியாக உண்டு. டயர் ரப்பர் எண்ணெய் குடித்தால் ஊதும். வடைச்சட்டிக்கு முன்னால் விரியுங்கள்; வடையோடு மேட்டும் உப்பட்டும்.

6. துடைக்க டாய்லெட் ஆசிட். நுரை வந்தால் அழுக்குப் போகிறது என்று நம்புங்கள்.

7. இன்னும் ஒரு துண்டு மீதியா? மெயின் போர்டுக்கு முன்னால் போடுங்கள். அங்கே ஐ.எஸ். 15652 முத்திரையுள்ள மேட்தான் வேண்டும், 3.3 கிலோவோல்ட் வரைக்குமே 2 எம்.எம். கனம் என்று எலக்ட்ரீஷியன் நச்சரிப்பார். "நம்மது 6 எம்.எம். தம்பி" என்று வாயை அடையுங்கள். டயர் ரப்பரைக் கருப்பாக்குகிற கார்பன் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்று இழுப்பார். ஃபியூஸ் போடும்போது அவரையே அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசலில் நின்று டார்ச் அடியுங்கள்.