அடக்கமான 64 அறைகள்

நியூயார்க்கில், ஐந்தாம் அவென்யூவும் 91-ஆம் தெருவும் சந்திக்கிற இடத்தில், எஃகு வள்ளல் ஆண்ட்ரூ கார்னகி ஒரு வீடு கட்டிக்கொண்டார். அவர் ஆசை சின்னதுதான்: ஊரிலேயே அடக்கமான, ஆடம்பரமில்லாத, மிக விசாலமான வீடு. 1902-இல் குடிபுகுந்தபோது 64 அறைகள் இருந்தன. அடக்கத்துக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்கிறது, பாவம்.

காலையில் ஐயாவை எழுப்ப ஆர்கன் கலைஞர் ஒருவர் வந்து வாசிப்பார், சம்பளத்துக்கு சுப்ரபாதம். நிலவறையில் கிடங்கிலிருந்து கொதிகலனுக்கு நிலக்கரி இழுக்கக் குட்டித் தண்டவாளம், அதன்மேல் ஒரு வண்டி. குளிர் வள்ளலைத் தொடக்கூடாதல்லவா!

இந்தச் சுகத்துக்கெல்லாம் காசு வந்த ஊர்களில் ஒன்று பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட். 1892-இல் கூலிக் குறைப்புக்குச் சம்மதிக்காத தொழிலாளர்களை வெளியே தள்ளி அங்கிருந்த எஃகு ஆலையைப் பூட்டினார் கார்னகியின் கூட்டாளி ஹென்றி ஃப்ரிக். ஜூலை 6 அன்று பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் அடியாட்கள் சுமார் 300 பேர் துப்பாக்கிகளோடு படகில் வந்தார்கள். இரு பக்கமும் பிணம் விழுந்தது. அப்போது வள்ளல் எங்கே? ஸ்காட்லாந்தில், ஓய்வில். தொழிற்சங்கத்தை ஒடுக்க ஃப்ரிக்குக்குத் தலையாட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறியிருந்தார். ரத்தம் தெறித்தாலும் சட்டையில் படாத தூரம்.

பணத்தோடு சாவது அவமானம் என்று 1889-லேயே உபதேசம் எழுதியவர் இவர். சாவதுதானே அவமானம்? அதுவரை வாழத் தடையில்லை. சங்கம் நொறுங்கியது, 12 மணி நேர வேலை வேரூன்றியது. 1901-இல் கம்பெனியை 48 கோடி டாலருக்குக் கைமாற்றினார். தானமும் பொழிந்தது: உலகெங்கும் 2,500-க்கு மேற்பட்ட நூலகங்கள். ஹோம்ஸ்டெட்டுக்கே 1898-இல் ஒன்று, நீச்சல் குளத்தோடு! 12 மணி நேரம் உலைமுன் வெந்தவன் எந்த நேரத்தில் நீந்துவது, எந்தக் கண்ணால் படிப்பது? பசுவைக் கொன்று செருப்பு தானம் செய்த கதைதான். இங்கே செருப்பில் பெயர் வேறு பொறித்திருந்தது. கூலியாகக் கொடுத்திருந்தால் கல்வெட்டு வைக்க முடியுமா?

1919-இல் அவர் போனார், 1946-இல் மனைவியும். பிறகு அந்த மாளிகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சமூகப் பணிப் பள்ளி நடத்தியது. ஏழைகளுக்கு எப்படி உதவுவது என்று அந்தக் கூரையின் கீழேயே பாடம்! 1976 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வடிவமைப்பு அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வள்ளலின் மரவேலைப்பாடுகளை ரசிக்கலாம். சுடப்பட்டுச் செத்தவர்களின் பெயர் வேண்டுமென்றால், ஹோம்ஸ்டெட்டுக்குப் போய்க் கல்லறைகளில் தேடிக்கொள்ளுங்கள்.