ஒரு புள்ளி

ஜொகூர் பாரு லார்கின் பஸ் நிலையத்தில் ராத்திரி பஸ் ஏறினால் மறுநாள் தாய்லாந்து எல்லை. அங்கிருந்து போட்டி நடக்கும் ஊருக்கு இன்னொரு பஸ். அன்றைய 10,000 டாலர் பியூச்சர்ஸ் டென்னிஸ் போட்டிகளில் அந்தத் தொகை ஜெயித்தவருக்கு மட்டுமல்ல, ஆடிய எல்லாருக்கும் சேர்த்துத்தான். முதலில் தகுதிச் சுற்று. அதைத் தாண்டி பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயித்தால் தரவரிசையில் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காகவே பல வருஷம் ஓடினேன்.

தோற்று ஸ்கூடாய் திரும்பினால், "சாப்பிட்டியாய்யா?" என்பார் அம்மா. ஸ்கோர் கேட்கவே மாட்டார். பஸ் டிக்கெட் அவர் சீட்டு எடுத்த வெள்ளி.

ஆட்டக்காரர்களின் வரவு செலவை 2013இல் அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம் ஆராய்ந்தது. ஆண்கள் ஒற்றையரில் கைக்காசு போடாமல் தப்பிக்கவே ஏறக்குறைய 336ஆம் இடத்தில் இருக்க வேண்டுமாம், கோச் செலவைச் சேர்க்காமலேயே. அதைப் படித்த அன்று அம்மாவின் சீட்டுப் புத்தகம்தான் கண்முன் வந்தது.

ஆட்டத்தை விட்டதும், "ஆட முடியாதவன்தான் சொல்லிக் கொடுக்கப் போவான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்றும் வருகிறது. இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடிய அக்தர் அலி, மலேசிய அணிக்கும் பயிற்சி கொடுத்தவர். அவர் மகன் ஜீஷான் அலி ஒற்றையரில் 126ஆம் இடம்வரை ஏறினார். முதுகுக் காயத்தால் ஆட்டம் நின்றது. பிறகு இந்திய டேவிஸ் கோப்பை அணிக்கே கோச் ஆனார். சொல்லிக் கொடுப்பது தனி வேலை.

இப்போது தாமானில் ஒரு சிமெண்ட் கோர்ட். சின்னப் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பந்து. சாதாரணப் பந்தைவிட 75 விழுக்காடு வேகம் குறைவு, உயரமாக எழும்பாது. எனக்கு எட்டு வயதில் கிடைத்ததோ வழுக்கையான பழைய மஞ்சள் பந்து. அது தலைக்கு மேலே போகும், நான் பின்னாலேயே ஓடுவேன். இங்கே பெற்றோர் பலருக்குச் சிங்கப்பூரில் வேலை. பாலத்தில் நெரிசல் என்றால் எட்டரை மணிவரை விளக்கடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ராக்கெட் கைப்பிடியில் கிரிப் சுற்றக் கற்றுக் கொடுப்பேன்.

போன மாதம் ஒரு பதினொரு வயதுப் பெண் தன் முதல் போட்டியில் 0-6, 1-6 என்று தோற்றாள். திரும்பும் வழியில் மாமாக் கடையில் நிறுத்தி எல்லாப் பிள்ளைகளுக்கும் ரொட்டி சானாய் சொன்னேன். ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவளாகக் கேட்டாள்: "கோச், அந்த ஒரு கேம் பார்த்தீங்களா?"

பார்த்தேன். 0-5, டியூஸ். இரண்டாவது சர்வீஸைப் பயந்து தட்டிவிடாமல், பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு, முழுக் கையையும் வீசி அடித்தாள்.