பேராண்டி சீட்டுக் கவர் தைக்கிறான்

வாடா பேராண்டி, இந்தத் திண்ணையில உக்காரு. கம்ப்யூட்டர் தட்டிச் சம்பாதிச்ச காசுல அம்பாசிடர் வாங்கியிருக்கேன்னு உங்கப்பன் சொன்னான். சந்தோசம். சீட்டுக் கவர நீயே தைக்கப் போறேன்னும் சொன்னான். அதக் கேட்டு ரொம்பச் சந்தோசம். சட்டைப் பொத்தான் அறுந்தா அப்பத்தாளத் தேடுற பய இன்னைக்குக் காருக்கே தைக்கிறேங்குறான், வம்சம் முன்னேறுதுன்னு டீக்கடையில நாலு பேருகிட்ட சொல்லிட்டேன். என் வாயக் காப்பாத்துறதுக்காகவாவது நீ தைச்சு முடிச்சாகணும்.

ஆனா இந்த 'விண்டேஜ் கார்' அலப்பறைய மொதல்ல எறக்கி வையி. உன் வண்டி 1984 மாடல். சர்க்காரு 2021ல போட்ட விதிப்படி, பதிவு பண்ணி 50 வருசம் தாண்டுன வண்டிக்குத்தான் விண்டேஜ்னு பேரு, தனி நம்பர் பலகை எல்லாம். உன் வண்டிக்கு இன்னும் வயசு பத்தல. அந்தக் கணக்குப்படி இந்த வீட்டுல விண்டேஜ் நானும் உங்க அப்பத்தாளும்தான். சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாத்தாம பழசு பழசாவே இருக்கணும்னும் அதுல போட்டிருக்கு. எனக்குக் கண்ணுல லென்ஸ் மட்டும்தான் வச்சிருக்கு. அத ஆர்.டி.ஓ. கண்டுக்க மாட்டாருன்னு நெனக்கிறேன்.

வாங்குனதுதான் வாங்குன, நல்லதாத்தான் வாங்கியிருக்க. மார்க் 4. கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல, முன்னாடி இந்தக் கதவுலருந்து அந்தக் கதவு வரைக்கும் ஒரே சீட்டு. அந்த ஒரே சீட்டுலதான் டிரைவரு கதவோரமா அரை உக்காரலு உக்காந்து ஓட்டுவாரு, மிச்சத்துல மாப்பிள்ளை வீட்டு ஆளுக ஏறிக்குவாங்க. அம்பாசிடர் செஞ்ச உத்தர்பாரா ஆலைய 2014 மே மாசம் நிறுத்துனாங்க. 2017ல அம்பாசிடர்ங்கிற பேர மட்டும் பியூஜோக்காரன் 80 கோடி ரூவாய்க்கு வாங்குனான். வெறும் பேருக்கு 80 கோடி! நீ ரெக்சின் கடையில போயி மீட்டருக்கு இருவது ரூவா கொறைக்கச் சொல்லிக் கெஞ்சப் போற. கெஞ்சு, தப்பில்ல.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்குறியா? எனக்கென்னடா தெரியும். டாக்சி ஓட்டுன காலத்துல, ஓட்டம் இல்லாத நாள்ல திண்டுக்கல்லுல ஒரு குஷன் கடை வாசல்ல உக்காந்து பேப்பர் படிப்பேன். பேப்பரத் தாண்டி உள்ள கண்ணு போயிருக்கும், அவ்வளவுதான். நீ போன்ல எத்தனையோ வீடியோ பாத்தவன். நான் சொல்றது தப்பா இருந்தா வெள்ளக்காரன் சொல்றதக் கேட்டுக்க.

கத்திரிக்கோலத் தேடாத. அதுக்கு இன்னும் நாளு கெடக்கு. மொதல்ல பிரிக்கணும். வாங்குன வேகத்துல பழைய கவரக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டு, இஞ்சு டேப்ப எடுத்துக்கிட்டுச் சீட்டச் சுத்திச் சுத்தி அளப்பான் பாரு சில பேரு, ரெக்சின் கடைக்காரனுக்குப் பிடிச்ச வாடிக்கையாளரே அவன்தான். மறுபடி மறுபடி வருவான்ல. உனக்கு வாத்தியாரு அந்தப் பழைய கவருதான். எங்க வளையணும், எங்க சுருக்கம் வைக்கணும், எந்தத் துண்டு எதுக்கு மேல ஏறணும், எல்லாம் அதுல எழுதியிருக்கு.

சீட்டக் கழட்டி வெளிய கொண்டா. அடியில என்ன கெடைக்கும்னு இப்பவே சொல்றேன். துருப்பிடிச்ச கொண்டை ஊசி, பல்லு போன சீப்பு, காஞ்சு கல்லான கொட்டப்பாக்கு, 2011லயே செல்லாமப் போன இருவத்தஞ்சு பைசா. செல்லுற காசு கெடச்சா தாத்தாவுக்குப் பங்கு உண்டு.

சீட்டக் கவுத்துப் போட்டா கவர இழுத்துக் கம்பியில மாட்டுன வளையங்க வரிசையா இருக்கும். எந்நேரமும் போனக் கையில வச்சிருக்கியே, அன்னைக்காவது உருப்படியா ஒரு படம் எடு. உன் மூஞ்சி அதுல வேண்டாம், எந்த வளையம் எந்தக் கம்பியில மாட்டியிருக்குன்னு தெரிஞ்சாப் போதும். அப்புறம் கட்டிங் பிளேயரால ஒவ்வொண்ணா வெட்டு. கவரோட ஓரத்துல தைச்ச துணிக் குழலுக்குள்ள நீளமா ஒரு கம்பி ஓடும். பாதிப் பேரு அதக் கவரோட சேத்துத் தூக்கி எறிஞ்சிட்டுக் கடைசியில சைக்கிள் கடையில ஸ்போக்ஸ் கம்பி கேட்டு நிப்பாங்க. உருவி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் துரு தேய்ச்சு, பத்திரமா வையி.

இப்பதான் உன் படிப்புக்கு வேலை. தையலப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, ரெண்டு துண்டும் சேருற எடத்துல தையலுக்குக் குறுக்கா சாண் தூரத்துக்கு ஒண்ணா பால்பாயிண்டுல கோடு போடு. பிரிச்ச பெறகு அந்தக் கோடுகளப் பொருத்தித்தான் மறுபடி சேக்கணும். ஒவ்வொரு துண்டுலயும் நம்பர், மேலு கீழு, இடது வலது எழுது. இடதுன்னு எழுதாம விட்டேன்னா, துண்டு கவுந்து கெடக்குறப்ப அதுவே வலதாயிரும். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பக்கம் வெட்டி வச்சுக்கிட்டு, காரு மேல பழியப் போடுவ.

பிளேடால அவசரமா இழுக்காத. ஒரு தையல் விட்டு ஒரு தையல் அறுத்துக்கிட்டே போயி, பின் பக்கத்து நூலப் பிடிச்சு இழு, பொலபொலன்னு வரும். வராட்டி ரெண்டு தடவ தைச்சிருக்கான்னு அர்த்தம். எங்கெல்லாம் ரெண்டு தடவ தைச்சிருக்கானோ அங்கெல்லாம் இழுவை அதிகம். அதையும் எழுதி வையி.

வாத்தியாருன்னாலும் சில எடத்துல பொய் சொல்லுவாரு. வலது பக்கத்துத் துண்டு இருக்கே, டிரைவரு உக்கார்ற எடம், அது நாப்பது வருசமா அமுங்கி, வேர்வையில ஊறி, இழுத்த பக்கமெல்லாம் நீண்டு கெடக்கும். அத அச்சா வச்சு வெட்டுனா, டிரைவரோட பின்பக்க அளவுக்கே புது கவரும் தொங்கும். அதனால இடது பக்கத்துத் துண்ட எடு, அப்படியே கவுத்துப் போடு, வலது பக்கத்துக்கு அச்சு ரெடி. அந்தப் பக்கம் உக்காந்தவங்க காசு குடுத்து உக்காந்தவங்க, அடிக்கடி எறங்கிப் போயிருவாங்க. துண்டு கெடாம இருக்கும்.

அடுத்து ஒரு கணக்கு, நீதான் கணக்குல புலியாச்சே. பழைய துண்டோட ஓரத்துல, தையலுக்கு விட்ட அரை இஞ்சு ஏற்கெனவே இருக்கு. அதையும் கோடு போட்டு, 'தையலுக்கு விடணும்ல'ன்னு இன்னொரு அரை இஞ்சு விட்டேன்னா, சேருற ரெண்டு துண்டுலயும் அரை அரை ஏறி, ஒரு தையலுக்கு ஒரு இஞ்சு பெருத்துரும். அந்த நீளச் சீட்டுல எத்தனை தையலோ அத்தனை இஞ்சு. அப்புறம் கவருக்குள்ள இன்னொரு ஆள உக்கார வைக்கலாம். கவர் எப்பவும் பஞ்ச விட ஒரு நூல் சின்னதா இருந்தாத்தான் விறைப்பா நிக்கும்.

நடுவுல மேடும் பள்ளமுமா கோடு கோடா தைச்சிருக்கே, அத மட்டும் அச்சு வச்சு வெட்டவே வெட்டாத. ரெக்சின், அதுக்கடியில மெல்லிசு ஃபோம், அதுக்கும் அடியில காடாத்துணி, மூணையும் சேத்து ஒவ்வொரு கோடாத் தைக்கத் தைக்க அகலம் உள்ள வாங்கிக்கிட்டே போகும். அளவா வெட்டித் தைச்சா முடியுறப்ப ரெண்டு மூணு இஞ்சு காணாமப் போயிருக்கும், நீ திண்ணைக்கடியில தேடிக்கிட்டு இருப்ப. பெரிய துண்டா எடுத்து எல்லாக் கோட்டையும் தைச்சு முடி. அதுக்கப்புறம் அச்ச மேல வச்சு வெட்டு.

தோல்லதான் தைப்பேன்னு அடம் பிடிக்காத. திண்டுக்கல்லு பேகம்பூர் பக்கம் தோல் ஷாப்புல கெடைக்கும்தான். ஆட்டுக்கு இருக்குற அகலம்தான தோலுக்கு இருக்கும், ஒட்டுப் போட்டே ஓய்ஞ்சிருவ. ரெக்சினே போதும்.

ரெக்சின்ல ஒரு குணம் உண்டு. ஊசி ஒரு தடவ எறங்குனா ஓட்டை ஓட்டைதான். பருத்தித் துணின்னா பிரிச்சு, தண்ணி தெளிச்சு, நீவி விட்டு யாருக்கும் தெரியாம மறைச்சிரலாம். ரெக்சின் ஊருக்கே காட்டிக் குடுத்துரும். அதனால குண்டூசியும் குத்தாத. கொடியில துணி மாட்டுற கிளிப்ப வச்சுப் பிடி. அப்பத்தாளோட கிளிப்புக எண்ணி வச்சது, ஞாபகம் இருக்கட்டும். தையலு நெருக்கமா இருந்தா கெட்டின்னு நெனக்காத. நெருங்கி நெருங்கிக் குத்துனா தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டுலயே கிழிஞ்சு வரும். இஞ்சுக்கு ஆறேழு தையல் போதும். ஊசி 18ஆம் நம்பர். நூலு நைலானோ பாலியஸ்டரோ வாங்கு. பருத்தி நூலு வேர்வைக்கும் வெயிலுக்கும் இத்துப் போயிரும்.

மெஷினு? மோட்டார் வச்சது வேண்டாம்டா. வெரலையும் சேத்துத் தைச்சுக்கிட்டு ஆபீசுக்கு லீவு சொல்லுவ. அப்பத்தாளோட மிதி மெஷின் போதும். மூலையிலயும், ஓரத்துல கயிறு வச்சுத் தைக்கிற பைப்பிங் வர்ற எடத்துலயும் மிதிக்காத, சக்கரத்தக் கையால திருப்பி ஒவ்வொரு குத்தா எறக்கு. ஓரத்துக் கயித்த ஒட்டித் தைக்க, ஜிப்பு தைக்கப் போடுற ஒத்தக் காலப் போட்டுக்க. ரெக்சின் காலுல ஒட்டிக்கிட்டு நகராட்டி, மேல மெல்லிசுக் காகிதம் வச்சுத் தைச்சுட்டுக் கிழிச்சு எடு. கீழ நூலு கொத்துக் கொத்தா வளையம் விட்டா, மேல் நூலு தொளதொளன்னு இருக்குன்னு அர்த்தம். எல்லாரும் கீழ பாபினப் போயி நோண்டுவாங்க, நீயும் நோண்டுவ. இதையெல்லாம் விட செரமம், அந்த மெஷின அப்பத்தாகிட்ட கேட்டு வாங்குறதுதான். அதுக்கு எங்கிட்ட யோசனை கேக்காத, கல்யாணம் ஆனதுலருந்து நானே கேட்டதில்ல.

மெஷின்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1924ல டில்லியில ஒரு மாணவரு காந்தியப் பாத்து, நீங்க எல்லா மெஷினுக்கும் எதிரியான்னு கேட்டாரு. காந்தி தையல் மெஷினுக்கு விதிவிலக்குக் குடுத்தாரு. கேட்டவரு ராமச்சந்திரன். பின்னால டி.வி.எஸ். பஸ் கம்பெனியத் தொடங்குன சுந்தரம் அய்யங்காரோட மக சௌந்தரம் அம்மாவக் கட்டுனாரு. ரெண்டு பேரும் சேந்து 1947ல நம்ம சின்னாளபட்டிக்குப் பக்கத்துல காந்திகிராமத்த உண்டாக்குனாங்க. மெஷினப் பத்திச் சந்தேகம் கேட்டவரு பஸ் வீட்டு மாப்பிள்ளை ஆனதுல எனக்கு ஒரு உள்குத்தும் இல்ல. அப்பத்தாகிட்ட மெஷின் கேக்குறப்ப காந்தியே சம்மதிச்சிருக்காருன்னு சொல்லிப் பாரு. கேப்பாளோ என்னமோ.

தைச்சு முடிச்ச கவரப் பாத்து வீட்டுல எல்லாரும் சபாஷ் போடுவாங்க. சீட்டுல மாட்டுனதும் சுருங்கிச் சுருங்கி நிக்கும். உடனே தையலப் பழிப்பாங்க. தப்பு உள்ள இருக்கும். ஸ்பிரிங் ஒடிஞ்சிருக்கா, அதுக்கு மேல போட்ட சாக்கு இத்துருச்சா, தேங்கா நாரும் ஃபோமும் மாவாப் போச்சான்னு பாக்காம மேல பட்டுத்துணி போத்துனாலும் நிக்காது. ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவுல புதுச் சாக்கு போடு. ஸ்பிரிங் நேரா ஃபோமக் கடிக்க விட்டா ஒரே வருசத்துல தின்னுரும்.

மாட்டுற அன்னைக்கு நல்ல வெயிலாப் பாத்துக்க. நம்மூருல அதுக்கா பஞ்சம்? கவர வெயில்ல காய விடு, ரெக்சின் எளகும். ஃபோம் மேல பாலித்தீன் தாளப் போட்டு, அது மேல கவர வழுக்கி எறக்கு, எறக்குன பெறகு தாள உருவிரு. இழுக்குறப்ப நடுவுலருந்து ரெண்டு ஓரத்துக்கும் போ. ஓரத்துலருந்து நடுவுக்கு வந்தேன்னா சுருக்கமெல்லாம் உன் மடியில வந்து சேரும். வளைவுல தையலுக்கு வெளிய இருக்குற ஓரத்தச் சின்னச் சின்னதா நறுக்கி விட்டிருக்கணும், நூல வெட்டிறாம. அத எப்பச் சொல்லணுமோ அப்பச் சொல்லாம இப்பச் சொல்றேன்னு கோவிக்காத. நான்தான் சொன்னேனே, எனக்கென்ன தெரியும்.

ஆனா எடுத்த எடுப்புல அம்பாசிடர்ல கைய வைக்காத. பழக ஒரு சின்னச் சீட்டு வேணும். எங்கேயும் அலைய வேண்டாம், என் டி.வி.எஸ். 50 மாட்டுத் தொழுவத்துல நிக்குது. முன்னாடி பின்னாடி ரெண்டு பேரு உக்கார்ற சீட்டு, பின்பக்கம் பூனை பிறாண்டியிருக்கு. உன் படிப்புக்குன்னே பிறாண்டுன மாதிரி இருக்கும். கருப்பு ரெக்சின், வெள்ளைப் பைப்பிங். பைப்பிங் வைக்காம விட்றாத, அப்பத்தா எறங்குறப்ப அந்த ஓரத்துலதான் தையல் விடும், அவ என்னையத்தான் திட்டுவா. அது நல்லா வந்துச்சுன்னா என் ஈசிச் சேருத் துணி இருக்கு. அதுவும் வந்துச்சுன்னா உங்க பெரியப்பன் டிராக்டர் சீட்டு. அப்புறம் அம்பாசிடரு. என்ன அவசரம், அதுக்கு விண்டேஜ் ஆக இன்னும் வருசம் கெடக்குல்ல.

ரெக்சினும் நூலும் நீ வாங்கிரு. தைச்ச கூலிய அப்பத்தாகிட்ட கேட்டு வாங்கிக்க. எனக்கும் அவளுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.