மந்திரம் கத்துக்கிட்ட பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, நீ விக்கிப்பீடியாவுல மந்திரம் போடுதியாமே! உங்க அம்மை வந்து பூரிச்சுப் போய்ச் சொல்லுதா. "ரெண்டு அடிக்கோடு, நடுவுல ஒரு வார்த்தை, மறுபடி ரெண்டு அடிக்கோடு. அவ்வளவுதாம்ப்பா. எம்புட்டுப் பெரிய கட்டுரை, அதோட பொருளடக்கமே மாயமாப் போயிருச்சு"ங்கா. நானும் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டேன். பெத்தவ சந்தோசத்தை நான் ஏன் கெடுக்கணும்? அவ அங்கிட்டுப் போன பெறவு, நீ ஆரம்பிச்ச நம்மூர்க் கட்டுரையை எடுத்துப் பாத்தேன். எழுத்து மூணு வரி. உத்தரவு ஏழு.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. பென்சன் வாங்குதவனுக்கு நேரம் நெறையக் கெடக்கு. 'வரலாறு'ன்னு ஒரு பொத்தான் இருக்கு பாரு, அதை அமுக்குனா எவன் எப்ப என்னத்தைச் செஞ்சான்னு ஒண்ணு விடாம வருது. கேலி பண்ணிட்டு மட்டும் போயிருவேன்னு நெனைக்காத, புத்தியும் சொல்லுவேன். கேக்கதும் கேக்காததும் உன் பாடு.

மொதல்ல இந்த வசதி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோ. யாரு வேணும்னாலும் பக்கத்தைத் திருத்தலாம்னு வார்டு கன்னிங்காம் மொத விக்கியைத் திறந்தது 1995-ல. விக்கிப்பீடியா 2001 சனவரி 15-ல பிறந்தப்ப யூஸ்மாட்விக்கின்னு வேற ஒரு மென்பொருள்ல ஓடிச்சு. அது தாங்கலைன்னு 2002-ல மாக்னசு மான்ஸ்கேன்னு ஒரு செர்மன்காரர் பிஎச்பியில புதுசா எழுதிக் குடுத்தார். அதே வருசம் லீ டேனியல் குரோக்கர் அதைத் திருப்பி எழுதினார். அதுதான் பெறவு மீடியாவிக்கின்னு பேர் வாங்கிச்சு. நம்ம தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30-லயிருந்து இருக்கு. இதுல ஒரு சங்கதி கவனி. கட்டுரை எழுதுத பெட்டியும் பக்கத்துக்குக் கட்டளை போடுத பெட்டியும் ஒண்ணுதான். எழுத வந்தவன் எவனும் உத்தரவும் போடலாம். 'நீ யாரு'ன்னு வாசல்ல நின்னு கேக்க ஆளில்ல. அதான் உன்னை மாதிரி ஆளுகளுக்குக் கை நமநமங்குது.

சரி, உன் ஏழு உத்தரவுக்கு வருவோம்.

மொத உத்தரவு நோடாக், பொருளடக்கம் வேண்டாம்னு. ரெண்டாவது டாக், பொருளடக்கம் இந்த இடத்துல வரட்டும்னு. ஏலே, ரெண்டையும் ஒரே பக்கத்துலயா போடுவான் ஒருத்தன்? உங்கப்பன் பொண்ணு பாக்க வந்தப்ப, "கல்யாணத்துக்கு இப்ப என்ன அவசரம், ஆவணியில வையுங்க"ன்னான். நீ அவன் மகன்தான்லே, சந்தேகமே இல்ல. இப்படி ரெண்டும் சேந்து கெடந்தா டாக் சொல்லுததைத்தான் மீடியாவிக்கி கேக்கும். ஆனா உன் மூணு வரியில தலைப்புன்னு ஒண்ணுமே இல்ல. அது எதைப் பட்டியல் போடும்?

மூணாவது, நோஎடிட்செக்சன். இதைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு அடங்கல. ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்துலயும் 'தொகு'ன்னு ஒரு இணைப்பு நிக்கும்லா, அதை இது மறைக்கும். எவனும் கை வைக்கக் கூடாதுன்னு கட்டுரையைப் பூட்டிட்டதா நெனைச்சிருப்ப. உச்சியில ஒரு 'தொகு' அப்படியே நிக்குதே, அதை என்ன செஞ்ச? பக்கத்தைப் பூட்டுத அதிகாரம் நிர்வாகிகள் கையில இருக்கு, அதுவும் விசமத் தொகுப்பு மாதிரித் தொந்தரவு தாங்காதப்பத்தான் செய்வாங்க. நாளைக்கு நீ தலைப்பு வெச்சா இதால ஆகப் போற பலன், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வந்த நல்லவன் பக்கம் முழுசையும் திறந்து தேடணும். கெட்டவனுக்கு ஒரு தடையும் இல்ல.

நாலாவது, டிஸ்ப்ளேடைட்டில். நம்மூர்ப் பேருக்குப் பின்னால 'உலகின் தலைசிறந்த ஊர்'னு சேத்து, தலைப்பா வரச் சொல்லியிருக்க. ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு. ஆனா அந்த உத்தரவு தலைப்போட தோற்றத்தை மாத்தத்தான் இருக்கு, தலைப்பையே மாத்த இல்ல. உயிரினங்களோட லத்தீன் பேரைச் சாய்வெழுத்துல காட்டலாம். ஐபோன், ஈபே மாதிரிப் பேர்களை இங்கிலீசுல சின்ன எழுத்துல ஆரம்பிக்க வைக்கலாம். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தொல்லையே இல்லங்கதால நமக்கு அதுல பாதிச் சோலி மிச்சம். வேற பேரு குடுத்தா, மீடியாவிக்கி அதைக் காதுலயே வாங்காது. நம்மூர் இப்பமும் வெறும் நம்மூராத்தான் நிக்குது.

அஞ்சாவது, ஹிட்டன்கேட். இது பகுப்புப் பக்கத்துல போட வேண்டியது. பராமரிப்புக்காக வெச்சிருக்க பகுப்புக வாசகன் கண்ணுல படாம இருக்கட்டும்னு. நீ கட்டுரையில கொண்டாந்து போட்டிருக்க. அது அங்கன சும்மா கெடக்கு. அதால கெடுதலும் இல்ல, நல்லதும் இல்ல.

ஆறும் ஏழும் ஒரே உத்தரவு, டிஃபால்ட்சார்ட். பகுப்புல எந்த எழுத்து வரிசையில கட்டுரை வரணும்னு சொல்லுதது. நல்ல உத்தரவுதான். கி. ராஜநாராயணன்னு தலைப்பு இருந்தா அவரு 'கி'யில போய் உக்காந்துருவாரு. 'ராஜநாராயணன், கி.'ன்னு இதுல குடுத்தா, தேடுதவன் கண்ணுல படுத இடத்துக்கு வந்துருவாரு. நீ என்ன செஞ்சிருக்க? மாவட்டத்து ஊர்ப் பட்டியல்ல நம்மூர்தான் முன்னால நிக்கணும்னு மேல 'அ'ன்னு போட்டிருக்க. பெறவு பயந்தியோ மறந்தியோ, கீழ ஊர்ப் பேரைச் சரியாப் போட்டிருக்க. கடைசியாச் சொன்னதுதான் செல்லும். மேல சொன்னதுக்கு ஒரு எச்சரிக்கையும் பக்கத்துல காட்டும். ஊருக்கு மொத எடம் கெடைக்கல, எச்சரிக்கைதான் கெடைச்சிருக்கு.

இது போக, பக்கத்து ஊர்க் கட்டுரையில போய் நோஇண்டெக்ஸ் வெச்சிருக்க. கூகுள் கண்ணுல அந்த ஊரு படக் கூடாதுன்னு. போன கொடையில கபடியில தோத்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறலையா? பயனர் பக்கம் மாதிரி இடங்கள்ல போட்டா, தேடுபொறிக்கு 'இதைப் பட்டியல்ல சேக்காத'ன்னு அது சொல்லும். ஆனா கட்டுரைகளுக்கான பெயர்வெளியில அது செல்லாதுன்னு மீடியாவிக்கியிலயே ஏற்பாடு இருக்கு. எழுதுனவங்க உன்னைப் பாத்ததில்ல, ஆனா உன்னைத் தெரிஞ்சிருக்கு.

உன் பயனர் பக்கத்தையும் பாத்தேன். மணியைப் பாத்து வணக்கம் சொல்லுதாம்! விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாக்கேன், உன் பக்கம் நேத்துத் தேதியைப் போட்டு, ராத்திரி பத்தரைன்னு சொல்லி, 'இனிய இரவு'ங்குது. கரண்ட்டைம், கரண்ட்டே எல்லாம் உலகப் பொது நேரத்துல ஓடுதவை. நம்ம நேரம் அதுக்கு அஞ்சரை மணி முன்னால. யாழ்ப்பாணத்துக்காரனுக்கும் நம்ம மணிதான், ஆனா சிங்கப்பூர்க்காரனுக்கு எட்டு மணி முன்னால. தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்கவன் எந்த ஊர்ல உக்காந்திருக்கான்னு அந்த வார்த்தைக்குத் தெரியாது. சேமிச்சு வெச்ச நகலைக் காட்டுதப்ப மணி இன்னும் பிந்தும். ஒரு வணக்கத்துக்கு எதுக்குலே இம்புட்டுக் கணக்கு?

அந்தக் கணக்குப் பைத்தியமும் உன்னோட ஆரம்பிக்கல. 'இது இருந்தா அதைக் காட்டு, இல்லாட்டி விடு'ன்னு சொல்ல வழியில்லாத காலத்துல, வார்ப்புருன்னு பல பக்கத்துல ஒட்டுத அச்சு இருக்குலா, அதுக்குள்ள இன்னொரு வார்ப்புருவைத் திணிச்சு ஆளுக வித்தை காட்டுனாங்க. அது பாக்க சகிக்காமத்தான் 2006-ல டிம் ஸ்டார்லிங் பார்சர் ஃபங்சன்னு ஒழுங்கா ஒண்ணு செஞ்சு குடுத்தார். குடுத்ததும் ஆளுக அதுலயும் கோட்டை கட்டுனாங்க. பெறவு 2013-ல லுவான்னு ஒரு நிரல்மொழியையே உள்ள கொண்டாந்தாங்க. 'அந்தப் பக்கம் இருக்கா'ன்னு கேக்குத மாதிரிச் செலவு பிடிக்க கேள்வியை ஒரு பக்கம் 500 தடவைக்கு மேல கேக்க விடமாட்டாங்க விக்கிமீடியாவுல. ஏன்? உன்னை மாதிரி நூறு பேரப்புள்ளைக இருக்காங்கன்னுதான்.

இதுவரைக்கும் நீ ஆசையாப் போட்ட உத்தரவு எதுவும் பலிக்கல. பூட்டணும்னு நெனைச்ச, பூட்டல. பேரை மாத்தப் பாத்த, மாறல. பக்கத்து ஊரை மறைக்கப் பாத்த, மறையல. 'கெடுதல் ஒண்ணும் இல்லையே தாத்தா'ன்னு நீ இளிப்ப. இளிக்காத. இனிமேத்தான் விசயமே இருக்கு.

நம்ம வட்டாரத்து ஊர்களுக்குன்னு ஒரு வார்ப்புரு செஞ்ச பாரு, அதை எத்தனை கட்டுரையில நட்டிருக்க? வார்ப்புருவோட சொந்தப் பக்கம் பாக்க லட்சணமா இருக்கட்டும்னு அதுல ஒரு நோடாக் போட்ட. நோஇன்குளூட்னு ரெண்டு பக்கமும் ஒட்டு வெச்சு, அதுக்குள்ள போட்டிருக்கணும். அப்பத்தான் அது வார்ப்புருப் பக்கத்தோட நிக்கும். நீ வெறுமனே போட்டுட்ட. மீடியாவிக்கி வார்ப்புருவை விரிச்சு முடிச்ச பெறவுதான் இந்த அடிக்கோட்டு வார்த்தைகளைத் தேடும். அதனால அந்த வார்ப்புரு போன இடமெல்லாம் நோடாக்கும் போச்சு. பதினஞ்சு தலைப்பு வெச்சு ஒரு மனுசன் பாடுபட்டு எழுதுன கட்டுரைக்கும் பொருளடக்கம் போச்சு. கோயில் திருவிழாவைப் பத்தி நாலு வரி தேடி வந்த பிள்ளை, விரலால கீழ தள்ளித் தள்ளி அலுத்துப் போய் வெளிய போயிருச்சு. அந்தக் கட்டுரையைத் திறந்து மூலத்துல தேடுனா நோடாக்ங்கிற எழுத்தே இல்ல. உங்க அம்மைக்கு நீ வித்தை காட்டுன கட்டுரையும் அதுல ஒண்ணு.

இப்பப் புரியுதா? உன் பெருமைக்குப் போட்ட உத்தரவை எல்லாம் அது தட்டிக் கழிச்சிருச்சு. உன் அசட்டைக்கு மட்டும் பொட்டிப் பாம்பா அடங்கிருச்சு. ரெண்டு நாள் ஆளுக தலையைச் சொறிஞ்சு, சிறப்புப் பக்கங்கள்ல போய் எந்தெந்தப் பக்கத்துக்கு எந்தப் பண்பு ஏறியிருக்குன்னு பட்டியல் எடுத்து, 'இப்பக்கத்தை இணைத்தவை'யைப் பாத்து, கடைசியில உன் வார்ப்புருவுக்கு வந்து சேந்தாங்க. பேச்சுப் பக்கத்துல ஒருத்தர் ரொம்ப மரியாதையா எழுதியிருக்கார். படிச்சுப் பாரு. அவ்வளவு மரியாதையா எழுதுனா உள்ள எம்புட்டுக் கோவம் இருக்கும்னு உனக்கு இன்னும் வயசாகணும் தெரிய.

மந்திரமே போடாதன்னு நான் சொல்லல. போடத் தெரிஞ்சவன் போடுதான். முகப்புப் பக்கத்துலயும் வலைவாசல்லயும் தலைப்புக வெறும் அலங்காரத்துக்கு நிக்கதால, அங்கன நோடாக் போடுதது நியாயம். வழிமாற்று இருக்கு பாரு, அதுக்கு ஈடான உத்தரவு கிடையாது. ஒருத்தன் லண்டன்னு தேடுவான், ஒருத்தன் இலண்டன்னு தேடுவான். ஒருத்தன் ஜப்பான்னு அடிப்பான், இலங்கையில ஒருத்தன் யப்பான்னு அடிப்பான். 'எந்த எழுத்து சரி'ன்னு சண்டை போடாம, எல்லாரையும் ஒரே கட்டுரைக்குக் கூட்டிக்கிட்டுப் போகுது. அதை எழுதுனவன் பேரு எவன் கண்ணுலயும் படாது. ஆனா அதுலயும் ஒரு நெதானம் வேணும். ஒரு வழிமாற்றுலயிருந்து இன்னொரு வழிமாற்றுக்கு அனுப்புனா மீடியாவிக்கி ஒரு தடவைதான் நகரும், பெறவு நின்னுரும். நம்மூருக்கு நீ போட்ட நாலு எழுத்துக்கூட்டலும் ஒண்ணை ஒண்ணு காட்டிக்கிட்டு நிக்குதுக. எல்லாத்தையும் நேரா கட்டுரைக்கே திருப்பி விடு. இல்லாட்டி தானியங்கி வந்து உனக்குப் பாடம் எடுக்கும்.

ஆக, ஒரு உத்தரவு போடுததுக்கு முன்னால இதால யாருக்குச் சோலி குறையுதுன்னு கேளு. படிக்கவனுக்குன்னா போடு. உனக்கு மட்டும்னா மணல்தொட்டியில போட்டு ஆசை தீர்த்துக்கோ. வார்ப்புருவுல கை வைக்கதுன்னா முன்தோற்றம் பாக்காமச் சேமிக்காத.

பெறவு அந்த மூணு வரிக்கு ஒரு வழி பண்ணு. கம்மாய் எந்த ஆத்துத் தண்ணியில நெறையுது, பள்ளிக்கூடம் எந்த வருசம் வந்துச்சு, கோயில் கல்வெட்டுல என்ன இருக்கு, எந்தப் புத்தகத்துல இதெல்லாம் போட்டிருக்குன்னு தேடி எழுது. மேற்கோள் குடு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைப்பு வை. போதுமான தலைப்பு வெச்சுச் சேமிச்சதும் பொருளடக்கம் தன்னால வந்து நிக்கும். அதுக்கு அடிக்கோடும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். அது வந்த அன்னைக்கு உங்க அம்மையைக் கூப்பிட்டுக் காட்டு. நோடாக், டாக் ரெண்டையும் மொதல்லயே எடுத்துரு மூதி, நோடாக் மட்டும் தங்குனா வராது.