ஃபிஃபா மகாசபைக்குத் தாமுவே ரசிகனின் விண்ணப்பம்

சூரிச் நகரில் எழுந்தருளியிருக்கும் மகா கனம் பொருந்திய ஃபிஃபா மகாசபையாரின் சமுகத்துக்கு, ரங்கூன் தாமுவேயில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் கால்பந்து அபிமானி ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிக்க அவசியமில்லை. 2026ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முதலில் விற்பனைக்கு வந்த டிக்கெட்டுகளில் உயர்ந்த ரகத்தின் விலை 6,730 டாலர் என்று கேள்விப்பட்டபோதே மகாசபை பரம சௌக்கியமாக இருப்பது விளங்கிவிட்டது.

கால்பந்து உலகை ஒன்றுசேர்க்கிறது என்று தாங்கள் திசைதோறும் முழங்கிவருவதையும், அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று தேசங்களின் 16 நகரங்களில் 48 குழுக்களும் 104 ஆட்டங்களுமாக முன்னெப்போதும் கண்டிராத விஸ்தாரத்தில் கோப்பையை நடத்த ஏற்பாடு செய்திருப்பதையும், யாவரும் வரலாம் என்று தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ அவர்கள் திருவாய் மலர்ந்தருளியதையும் படித்துப் பூரித்து, தாமுவேயும் அந்த உலகத்தில் அடங்கியதுதானே என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்த வேளையில், 2025 ஜூன் 4ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டு, 12 தேசங்களின் பிரஜைகள் தம் நாட்டுக்குள் பிரவேசிப்பதைத் தடுத்துவிட்டார். அந்தப் பன்னிரண்டில் பர்மாவும் ஒன்று.

ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் அவர்களுடைய நெருங்கிய உறவினருக்கும் அதில் விலக்கு உண்டு, ரசிகனுக்கு இல்லை. எங்கள் குழுவோ தகுதிச் சுற்றில், ரங்கூனில் சிரியாவோடு 1-1 என்று சமன் செய்து சம்பாதித்த ஒரே புள்ளியோடு வீட்டுக்கு வந்துவிட்டபடியால், அந்த விலக்கினால் எங்களுக்கு லவலேசமும் பிரயோஜனமில்லை. அந்தப் பன்னிரண்டில் சேர்ந்த ஹைட்டியின் நிலை இன்னும் விசேஷமானது. 1974க்குப் பிறகு இப்போதுதான் அத்தேசம் தகுதிபெற்றது. ஆடப்போகிறவர்கள் உள்ளே போகலாம், அவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டியவன் தன் ஊரிலேயே கிடக்க வேண்டும். தகுதிபெற்ற ஈரானுக்கும் இதே கதி.

கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ போகக்கூடாதா என்று மகாசபையார் வினவக்கூடும். அவ்விரு தேசங்களுக்கும் கிடைத்தவை தலா 13 ஆட்டங்கள். மீதி 78ம் அமெரிக்காவில், அதிலும் காலிறுதி தொடங்கிச் சகலமும் அங்கேயே. இறுதி ஆட்டம் ரங்கூன் கடிகாரத்தில் ஜூலை 20 அதிகாலை ஒன்றரை மணி. மின்சாரம் தயவு பண்ணினால் டீக்கடைத் திரையில் தரிசிக்கலாம். (எங்கள் ஊரில் ஒரு வாலிபன் பாஸ்போர்ட் வாங்குவதிலுள்ள வைபவங்களை இங்கே விவரிக்கவில்லை. விவரித்தால் கடிதம் நீளும். வேறு சிலவும் நீளக்கூடும்.)

2018இல் ருஷ்யா, டிக்கெட் வாங்கியவனுக்கு ஒரு ரசிகர் அட்டையைக் கொடுத்து விசா இல்லாமலே வரவேற்றது. 2022இல் கத்தாரும் ஹய்யா அட்டை என்ற பெயரில் அதே மரியாதையைச் செய்தது. அந்த இரண்டு ராஜ்யங்களுக்கும் சுதந்திரத்தின் மகிமையைப் பத்தி பத்தியாகப் போதித்த பத்திரிகைகளை நானும் வாசித்தவன். போதனை கேட்டவர்கள் கதவைத் திறந்தார்கள், சுதந்திர தேவிக்குத் துறைமுகத்தில் சிலை எடுத்தவர்கள் சாத்திக்கொண்டார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று எங்களில் சொல்வதுண்டு. இங்கே சாமியே பூசாரிக்குப் பரிசு வழங்கியிருக்கிறது. 2025 டிசம்பர் 5ஆம் தேதி வாஷிங்டனில், எந்தக் குழு எந்தப் பிரிவில் என்று குலுக்கிப் போட்ட அதே மேடையில், மகாசபையின் முதலாவது சமாதானப் பரிசை அந்த ஜனாதிபதிக்கே சூட்டி மகிழ்ந்தீர்கள். பதினோராம் நாள் அவர் தடையை மேலும் பல தேசங்களுக்கு விஸ்தரித்து, தகுதிபெற்ற செனகலையும் ஐவரி கோஸ்ட்டையும் பகுதித் தடைக்குள் கொண்டுவந்தார். பரிசுக்கு இவ்வளவு சீக்கிரம் பிரதியுபகாரம் கிடைப்பது துர்லபம்.

மகாசபையாருக்குக் கண்டிப்பு போதாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன், அனுபவித்தவர்கள் நாங்கள். 2011 ஜூலை 28ஆம் தேதி, தாமுவேக்கு அண்டையிலுள்ள துவன்னா மைதானத்தில், ஓமானோடு ஆடிய தகுதி ஆட்டத்தில் எங்கள் குழு பின்தங்கியபோது, கூட்டத்திலிருந்து கல்லும் புட்டியும் பறந்தன. ஆட்டம் பாதியில் நின்றது. எறிந்தது தப்பு, அதில் வாதமில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கண்ணியமான ஆட்டத்துக்குப் பரிசு வாங்கிய தேசத்துக்கு அது அவமானமுங்கூட. மகாசபை முதலில் 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்தே எங்களை விலக்கியது. பிறகு அப்பீலில் மனமிரங்கி, சொந்த மைதானத்து ஆட்டங்களை அந்நிய மண்ணில் ஆட வேண்டும் என்று சிட்சையைக் குறைத்தது. அதன்படி 2015 ஜூன் 16இல் தென்கொரியாவுக்கு எதிரான எங்கள் சொந்த ஊர் ஆட்டம் பாங்காக்கின் ராஜமங்கலா மைதானத்தில் நடந்தேறியது. 0-2 என்று தோற்றோம். பாங்காக் எங்களுக்குப் புதிதன்று. 1966இல் ஈரானை வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்ததும், 1970இல் தென்கொரியாவோடு அதைப் பங்கிட்டுக்கொண்டதும் அங்கேதான். ஆனால் அடுத்த பேட்டைக்கு பஸ்ஸில் போய்ப் பார்க்க வேண்டிய ஆட்டத்துக்கு விசா வாங்கி விமானம் ஏறுவது தாமுவேவாசிக்கு நூதனமான பாக்கியம். விமானத்தில் வருகிறவர்களுக்கு 14 நாள் விசா வேண்டாம் என்று இரு தேசங்களும் இசைந்தது அந்த ஆண்டு ஆகஸ்டில், ஆட்டம் முடிந்த பிற்பாடு.

ஆகவே, தம் மண்ணில் ரசிகர்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள இயலாத தேசம் வேறு மண்ணில் ஆட வேண்டும் என்பது தாங்களே ஸ்தாபித்த தர்மம். ரசிகன் கல்லெறிந்த தேசத்துக்கு அந்தச் சிட்சையென்றால், ரசிகனையே வெளியே எறிந்த தேசத்துக்கு என்ன சிட்சை? தேசத்தையோ பிறப்பையோ வைத்துப் பேதம் பாராட்டினால் இடைநீக்கமோ வெளியேற்றமோ உண்டென்று தங்கள் சாசனத்தின் 4ஆம் விதி கூறுகிறது. அது சிறிய தேசங்களுக்கு மட்டும் அச்சிட்டதன்று என்று நம்புகிறேன்.

அமெரிக்காவின் 78 ஆட்டங்களுக்கு இடம் தேடி மகாசபையார் சிரமப்பட வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த சைக்கசான் மைதானம் எங்கள் தாமுவேயிலேயே இருக்கிறது. கோப்பை நடக்கும் சமயம் இங்கே மழைக்காலந்தான், ஆயினும் 2019 செப்டம்பரில் ஜப்பான் எங்கள் மழையில் நனைந்தபடியே 2-0 என்று ஜெயித்துப் போனது. மின்சாரத்தை உத்தேசித்து ஆட்டங்களைப் பகலிலேயே வைத்துக்கொள்வது உசிதம்.

இதற்குச் சம்மதமில்லையாயின், கால்பந்து உலகை ஒன்றுசேர்க்கிறது என்னும் விளம்பரத்தின் அடியிலே, தடைபெற்ற தேசங்களின் பெயர்களையும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட உத்தரவாகுமாறு தாழ்மையுடன் பிரார்த்திக்கிறேன்.