பழைய பெட்டிக்குப் பவுசு எதுக்கு மருமவனே?

வாரும் தொரை, உக்காரும். அந்தச் சீட்டைக் கொடும், பாப்போம். கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு. ஐ7 பிராசஸர் ஒண்ணு. பதினாறு ஜிபி ராம். கண்ணாடிக் கதவு வச்ச கேபினட். கலர் கலரா மின்னுத ஃபேன் மூணு. ஏலேய், அம்மன் கோயில் கொடைக்கு லைட் செட்டுக்காரன்கிட்டக் கொடுக்க வேண்டிய சீட்டை மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?

‘காலேஜ் பிராஜெக்ட்டுக்கு வேணும்மா’ன்னு எந்தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கே. அவ பாவம், சரின்னுட்டா. நான் வால்வு ரேடியோ காலத்துலருந்து ஸ்குரூடிரைவரும் சால்டரிங் அயர்னுமாப் பொழப்பை ஓட்டுனவன்; என்கிட்ட அது செல்லுமா? ஒம் பிராஜெக்ட்டுல ராத்திரி பன்னெண்டு மணிக்குத் துப்பாக்கி வெடிக்குதாமே, எந்த வாத்தியார்ல அந்தப் பாடம் எடுக்காரு?

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. பெட்டியோட பக்கத்துத் தகட்டைக் கழத்து. எச்61 போர்டு. மேல உக்காந்திருக்கது ஐ3-3220. 2012-ல வந்த சரக்கு, ரெண்டே கோர். ராம் செருக ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணுல நாலு ஜிபி டிடிஆர்3, இன்னொண்ணுல ஒட்டடை. கீழ 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒண்ணு கறகறன்னு மொனங்குது. அந்தக் காலத்துல கடையில அசெம்பிள் பண்ணிக் கொடுத்த பெட்டி நெறைய இதே சாதகந்தான். கெட்ட சாதகம்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ எழுதிட்டு வந்த சீட்டுக்கும் இதுக்கும் பொருத்தம் இல்ல.

எதை மாத்தலாம்னு கேக்கதுக்கு முன்னால, எது எதைக் காக்க வைக்குதுன்னு பாக்கணும். கல்யாண வீட்டை நெனச்சுக்கோ. சமையல்காரன் கெட்டிக்காரன், அடுப்பு எரியுது, கரண்டியோட நிக்கான். உக்கிராணத்துல சாமான் எடுத்துக் கொடுக்க ஆளு மட்டும் ஒவ்வொரு தேங்காய்க்கும் ஒரு தடவை கம்பை ஊணி நடந்து போயிட்டு வாரான். பந்தி பிந்துது. நீ என்ன செய்தே? ‘சமையல்காரனை மாத்து’ங்கே. புதுசா வாரவனும் அதே கரண்டியைப் புடிச்சுக்கிட்டு அதே எடத்துலதாம்ல நிப்பான். சமையல்காரன்தான் பிராசஸர். கம்பு ஊணுத உக்கிராணக்காரன் ஒம் ஹார்ட் டிஸ்க்.

மாமா சொல்லுதேன்னு நம்ப வேண்டாம். பெட்டி எப்போ மக்கர் பண்ணுதோ, அப்போ கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க்னு போட்டிருக்க வரிசையில 100 சதவீதம்னு நிக்கும். பக்கத்துல சிபியு-வைப் பாரு, அவன் பாட்டுக்குக் கால நீட்டிக் கெடப்பான். கெடக்கவனுக்குப் பதிலா ஐ7-ஐக் கொண்டாந்து போட்டா, அவனும் வந்து கெடப்பான். காசு மட்டும் போயிரும்.

கணக்காவே சொல்லுதேன், ஒனக்குக் கணக்கு வரும்னு எந்தங்கச்சி சொன்னா. ஹார்ட் டிஸ்க்குத் தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுத்து, செகண்டுக்கு 120. கேட்ட எடம் வந்து சேர சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும். அதுக்கே நாலு மில்லி செகண்டுக்கு மேல ஆவுது. படிக்குத கை அந்த வட்டத்துக்கு நகந்து போக இன்னும் ஏழெட்டு மில்லி செகண்டு. அங்கங்க செதறிக் கெடக்கதை எடுத்துத் தரணும்னா செகண்டுக்கு நூறு தடவைக்குள்ளதான் முடியும். அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி-யைப் போட்டா, அதுல சுத்துத தட்டும் கெடையாது, நகருத கையும் கெடையாது. ஒரு மில்லி செகண்டுல பத்துல ஒரு பங்குக்குள்ள சாமான் கைக்கு வந்துரும். விண்டோஸ் எந்திரிக்கப்போ ஆயிரக்கணக்குல சின்னச் சின்ன ஃபைலைத் தேடுது பாரு, ஒனக்கு லாபம் அங்கதான்.

கடைக்காரன் அட்டையைக் காட்டி ‘செகண்டுக்கு 550 எம்பி’ன்னு அடிச்சு விடுவான். அவன் சொல்லுதது பொய்யில்ல, ஒம் போர்டுலதான் நடக்காது. எச்61-ல இருக்கது 3 ஜிகாபிட் சாட்டா. 280 எம்பி கிட்ட வந்தா அதுதான் அதுக்குச் சக்தி. அதுக்காக வாங்காம விட்டுராத, கூடுதல் வேகம்னு சொல்லி வெலை கூடுனதை வாங்கிராத. என்விஎம்இ-ன்னு ஒண்ணைக் காட்டுவான். அதைச் செருகுத எம்.2 எடமே இந்தப் போர்டுல இல்லைன்னு சொல்லிட்டு வா. 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். கேபினட்டுல அதுக்கு எடமில்லையா? ரெண்டு பக்கமும் ஒட்டுத டேப்பை வச்சு ஒட்டு. ஆடுத உறுப்பு ஒண்ணும் அதுல இல்ல, பயப்படாத. பயாஸ்ல சாட்டாவை ஏஎச்சிஐ-ன்னு மாத்திட்டு அதுக்கப்புறம் விண்டோஸை ஏத்து. பழைய டிஸ்க்குல இருக்க கல்யாணப் போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் மொதல்ல வேற எடத்துல காப்பி எடுத்து வை. மொனங்குத டிஸ்க்கு எப்போ வாயை மூடும்னு சொல்ல முடியாது.

அடுத்தது ராம். இதுல ஒஞ் சீட்டுல பாதி நியாயம் இருக்கு. நாலு ஜிபி-யில பிரவுசரைத் தொறந்தாலே மூச்சு முட்டும். ராம் பத்தலைன்னா விண்டோஸ் டிஸ்க்குலபோய்க் கடன் வாங்கும். அந்தக் கடனுக்கு வட்டியா ஒன்னக் காக்க வைக்கும். ஒட்டடை படிஞ்ச எடத்துல இன்னொரு நாலு ஜிபி டிடிஆர்3, அதே 1600 வேகத்துல, பழசாவே பாத்து வாங்கிப் போடு. எட்டு ஜிபி ஆச்சு. ரெண்டு குச்சியும் சேந்து வேலை செய்ததால பிராசஸருக்குள்ளயே இருக்க கிராபிக்ஸும் கொஞ்சம் நிமுந்து உக்காரும். அது ராம்லருந்துதான கடன் வாங்கித் திங்குது. போட்ட அன்னைக்கு ராத்திரி, ராம்ல கோளாறு இருக்கான்னு பாக்க மெம்டெஸ்ட்டை ஓட விட்டுட்டுத் தூங்கு. ‘டிடிஆர்4 புதுசாச்சே, அதையே வாங்குவோமே’ன்னு வெவரமாக் கேக்காத. டிடிஆர்3-க்கு 240 காலு, டிடிஆர்4-க்கு 288. பள்ளம் வெட்டியிருக்க எடமும் வேற. அமுக்குனா போர்டுதாம்ல ஒடையும்.

பதினாறு ஜிபி போட்டா என்னங்கியா? போர்டு தாங்கும். ஆனா இனிமே நான் சொல்லுதது கேளு, இதுதான் இன்னைக்கு ஒனக்கு மாமா தார சொத்து. எந்தப் பார்ட்டுக்குக் காசு எடுத்தாலும் ஒரு கேள்வி கேளு: நாளைக்கு இந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டா இது என்கூட வருமா, பெட்டியோட போகுமா? கூட வாரதுக்குத் தாராளமாச் செலவழி. பெட்டியோட போறதுக்குக் கையைச் சுருக்கு.

எஸ்எஸ்டி கழத்துனா கூட வரும். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் எல்லாம் வரும். டிடிஆர்3 ராம் வராது. புதுப் போர்டு எவனும் அதைச் சேத்துக்கிட மாட்டான். அதனாலதான் எட்டோட நில்லுங்கேன். ஐ7-3770 ஒம் போர்டுல உக்காரும், நாலு கோர், வேகந்தான், இல்லைங்கல. ஆனா புதுசாக் கெடைக்காது, எவனோ அடிச்சு ஓட்டிக் கழத்துனதுதான் கெடைக்கும். அது உக்காருத எல்ஜிஏ 1155 சாக்கெட்டை இன்டெல்காரன் 2013-லயே மாத்திட்டான். அங்க போட்ட காசு அங்கேயே சமாதி. ஏஎம்டி-யோட ஏஎம்4 போர்டு வச்சிருக்கவன் வந்து கேட்டா அவனுக்கு வேற சொல்லுவேன். 2016-ல வந்த சாக்கெட்டுக்கு 2022-ல கூடப் புதுப் பிராசஸர் விட்டாங்க, பயாஸை மாத்துனாப் போதும்னு. ஒம் பெட்டிக்கு அந்தக் குடுப்பினை இல்ல.

இப்ப ஒம் ஆசைநாயகிக்கு வருவோம், கிராபிக்ஸ் கார்டு. அது கூட வரும்லா மாமான்னு மடக்கப் பாக்கே. வரும். ஆனா சுண்டக்கா காப்பணம், சுமைகூலி முக்காப்பணம். கேபினட்டோட ஓசியா வந்த அந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் பாரு. 450 வாட்டுன்னு பெருசா அச்சடிச்சிருக்கான். அதை வுட்டுரு. பக்கத்துல பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு எத்தன ஆம்பியர்னு இருக்கும், அதைப் படி. 14 ஆம்பியரா? பன்னெண்டும் பதினாலும் பெருக்கு, 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் திங்குதது இந்த வரிசையிலதான். மிச்சமெல்லாம் அச்சகத்துக்காரன் தந்த வாட். அதுக்குள்ள இருக்க கெப்பாசிட்டர் சூட்டுல காஞ்சு தலை உப்பியிருந்தா, பெரிய கார்டைச் சொருகுன அன்னைக்கே பொகை வரும். ரேடியோ, டிவி எல்லாத்துலயும் நான் பாத்த சாவு அதுதான்.

அதனால கார்டு வேணும்னா மொதல்ல நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கு. அது நிச்சயம் கூட வார உருப்படி. கார்டும், 2016-ல வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி, 75 வாட்டுக்குள்ள போர்டு ஸ்லாட்டுலயே கரண்டு எடுத்துக்கிடுததாப் பாரு. அப்பவும் ரெண்டு கோர் ஐ3 அதுக்கு ஈடு கொடுக்காம முழிக்கும். ஜிடிஏ 5 வெளையாட்டுக்காரனே நல்லா ஓடணும்னா ஐ5-3470 வேணும்னு எழுதி வச்சிருக்கான். பிராசஸர், எஸ்எம்பிஎஸ், கார்டுன்னு ஒண்ணு ஒண்ணா இழுத்துட்டு வந்தா, பழைய பெட்டிக்குள்ள புதுப் பெட்டிக் காசைப் பொதைச்சிட்டு நிப்பே.

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட்காரன் 2025 அக்டோபர் 14-ஓட பொதுவான ஆதரவை நிறுத்திட்டான். விண்டோஸ் 11-க்கு இன்டெல்னா எட்டாம் தலைமுறை, டிபிஎம் 2.0-ன்னு கேக்கான். ஒன்னுது மூணாம் தலைமுறை. ‘ஒட்டு வேலை பாத்து ஏத்தித் தாரேன்’னு தெருவுக்கு ஒருத்தன் இருப்பான், நாளைக்கு அப்டேட் வராம நின்னா அவனைத் தேடுனாலும் கெடைக்க மாட்டான். எஸ்எஸ்டி-யில லினக்ஸ் மின்ட்டை ஏத்திப் பாரு, காசு கெடையாது. ஒம் பிராஜெக்ட்டு ஓடும். நீ துப்பாக்கி சுடுத வாலரண்ட் ஓடாது. அதுல எந்தங்கச்சிக்கு நட்டம் ஒண்ணுமில்ல.

காசில்லாத வைத்தியமும் இருக்கு, அதை ஒருத்தனும் சீட்டுல எழுத மாட்டான். புளோயரை வச்சுத் தூசியை ஊது. ஊதுதப்போ ஃபேனை வெரலால புடிச்சுக்கோ, கண்டபடி சுத்த விடாத. பிராசஸர் மேல காஞ்சு கெடக்க தெர்மல் பேஸ்ட்டைத் தொடைச்சுட்டுப் புதுசாப் பட்டாணியளவு வை. ஒவ்வொரு தடவையும் தேதி பழசாயிருதா? வெப்சைட்டு தொறக்காம அடம் புடிக்குதா? போர்டுல பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. மாத்துனா தேதியும் நிக்கும், அடமும் அடங்கும். டீ குடிக்குத காசு.

ஆக, வரிசை இதுதான்: தூசி, காப்பி, எஸ்எஸ்டி, நாலு ஜிபி ராம். அங்கன நிப்பாட்டு. அதுக்கு மேல கை அரிச்சா, ஆபீஸ்ல கழிச்சுவிட்ட எட்டாம் தலைமுறைப் பெட்டி பழசா என்ன வெலைன்னு விசாரி. நீ செய்யப்போற மராமத்து அதுல பாதியைத் தொட்டாலே அதையே வாங்கிரு. எஸ்எஸ்டி-யைக் கழத்தி அதுல மாட்டிக்கலாம். ஆனா ஒரு சில கம்பெனிப் பெட்டியில எஸ்எம்பிஎஸ் கனெக்டர் தனி மாதிரி இருக்கும், கார்டு போட வழியிருக்காது; தொறந்து பாக்காமக் காசை நீட்டாத. 2025 கடைசியிலருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மொத்தமா அள்ளுததுல ராம் வெலை ஏறிக் கெடக்கு, அதனால புதுப் பெட்டிக்கு அவசரப்படாத.

மாமாவுக்குக் கூலியா? அதெல்லாம் வேண்டாம்ல. வேணும்னா ஒரு கிலோ அல்வா வாங்கிட்டு வா. அந்தச் சீட்டோட நேராக் கடைக்குப் போயிருந்தா கடைக்காரன் ஒனக்குக் கொடுத்திருப்பான். அதை நீ எனக்குக் கொடுத்தா கொறைஞ்சா போவே?