ஏப்ரல் மாதத்து ரிட்டயர்டு

தமிழக அரசு ஊழியர்களில் தனி ரகம் ஒன்று உண்டு: 2020 ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றவர். பொன்னாடை கிடையாது, சந்தன மாலை கிடையாது, ஆபீஸ் ஜீப்பில் வீட்டு வாசலில் வந்து இறங்கும் வைபவமும் கிடையாது. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களை வைத்து, வழியனுப்புவது யாரென்று ஊகித்தபடியே பீரோ சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர். சரியாக ஒரு வாரம் கழித்து, மே 7 அன்று, ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கி அரசாணை வந்தது. மறு வருடம் அது 60 ஆனது. அவரைவிட ஒரு மாதம் இளையவரான பக்கத்து மேஜைக்காரர் கூடுதலாக இரண்டு வருடம் சம்பளம் வாங்கினார். காசிக்குப் போகலாமென்றால் ரயில் ஓடவில்லை. 60 முடிந்தால் ரயிலில் 40 சதவீதச் சலுகை உண்டே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். 2020 மார்ச்சில் நிறுத்திய அந்தச் சலுகை, 2022-இல் அவருக்கு 60 ஆனபோதும் திரும்பி வரவில்லை. ‘கொரோனா என் ரிட்டயர்மெண்டையே கெடுத்துவிட்டது’ என்பது அவருடைய நிரந்தர மனு.

மனுவை விசாரித்தால், அவர் இழந்ததாகச் சொல்வது ஒன்று, இழந்தது வேறொன்று. ஓய்வின் சுகம் பாதி சும்மா இருப்பதில். மீதிப் பாதி மற்றவர்கள் ஓடுவதைப் பார்ப்பதில். ஒன்பது மணிக்கு வாசலில் பேப்பரை விரித்து, எதிர்வீட்டுக்காரர் டிபன் பாக்ஸோடு பஸ்ஸைத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது காபி குடிக்க வேண்டும். ஊரடங்கோ ஊரையே வீட்டில் உட்காரவைத்தது. ஹாலில் மகன், படுக்கையறையில் மருமகள், வைஃபை நன்றாகக் கிடைக்கிறதென்று சாய்வு நாற்காலியில் ஆன்லைன் வகுப்புப் பேரன். எல்லோரும் வீட்டில் இருக்க, வேலை இல்லாதவர் அவர் ஒருவரே. ‘அப்பா, மெதுவா தும்முங்க, கால்ல இருக்கேன்’ என்று மகன் சொன்ன அன்றே அவர் மீண்டும் பணியில் சேர்ந்துவிட்டார். பால் பாக்கெட் கழுவும் பிரிவு, காய்கறி ஊறவைக்கும் பிரிவு, வெளியே போய் வருவோர் பதிவேடு என மூன்று செக்‌ஷன்கள். மூன்றையும் ஆய்வு செய்து குறைகளைச் சொன்ன ஒரே மேலதிகாரி மனைவி.

எத்தனையோ பேர் உயிரையும் பிழைப்பையும் இழந்த காலத்தில், மாதம் தவறாமல் பென்ஷன் வாங்கியவர் புலம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அகவிலைப்படி உயர்வு நின்றதைத் தவிர பணத்தால் அவருக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் அவர் மனு பணத்தைப் பற்றியதே அல்ல, வேடிக்கை பார்க்க ஆள் இல்லாமல் போனதைப் பற்றியது. ரயில்தான் பிறகு ஓடியதே, காசிக்கு ஏன் போகவில்லை என்பது அடுத்த ஆட்சேபம். அதுவே இந்த வழக்கின் முக்கியச் சாட்சி. போய் வந்தால் மனு தள்ளுபடியாகிவிடும். சந்தன மாலையோடு 2022-இல் வெளியே வந்த பக்கத்து மேஜைக்காரரும் இன்றுவரை காசிக்குப் போகவில்லை. முழங்கால் வலி, மாப்பிள்ளை வருகை என்று மாதத்துக்கொரு காரணம் தேடி அலைகிறார். நம்மவருக்கு அந்த அலைச்சல் இல்லை. அவர் கையில் இருப்பது உலக சுகாதார நிறுவனமே அத்தாட்சி கொடுத்த காரணம்.